சீனக் குடிநீரும் மூன்று மணித்தியாலமும்

அந்தக் கொப்பியில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று சொல்லித்தான் தந்தார்கள். ஒன்றும் இல்லையென்றால் சைபர் போட வேண்டும். நான் சைபர் போடக் கூச்சப்பட்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

போன குளிர்காலம் நடந்தது இது. நான் வேலை செய்யும் இடத்தில் சாண்ட்விச் செய்து பெட்டியில் அடைக்கிறோம். வரிசையில் பதினான்கு பேர் தோளோடு தோள் இடிக்க நிற்போம். முதல் ஆள் தும்மினால் நாலாம் நாள் கடைசி ஆளும் படுக்கையில். என்னுடைய முறை வந்தபோது எலும்பெல்லாம் கழன்று விழுவது போல உளைந்தது. அஜின்கோர்ட்டில் நான் இருக்கும் பேஸ்மென்டிலிருந்து குடும்ப டொக்டரிடம் போக பஸ்ஸில் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று யோசித்தேன்.

டொக்டர் பார்த்துவிட்டு, புளூ வைரஸ் என்றார், குளிசை எழுதினார். வெளியே வந்தால் ஒரு இளம்பிள்ளை கையில் கொப்பியோடு நிற்கிறாள். முகத்தைக் கண்டதுமே எங்கள் ஆள் என்று தெரிந்தது. பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சியாம். புளூ வந்தவர்களில் பாதிப் பேருக்கு வழமையான குளிசை மட்டும். மற்றப் பாதிப் பேருக்குக் குளிசையோடு சீன மூலிகை மருந்தும் கொடுப்பார்கள். சீன மருந்து குடித்தவர்களுக்குச் சுருக்காகச் சுகம் வருகிறதா, வந்தால் அதற்குச் செலவழிக்கும் காசுக்கு அது பெறுமதியா என்று கணக்குப் பார்க்கிறார்களாம். எந்தப் பக்கம் என்பதைக் கொம்பியூட்டர் குலுக்கிப் போடும். எனக்குச் சீன மருந்து விழுந்தது.

இலவச மருந்துக்காகத்தான் கையெழுத்து வைத்தேன் என்று வேலையிடத்தில் சொன்னேன். அது பொய். அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வசனத்துக்காகத்தான் வைத்தேன்.

"ஒண்டைவிட்ட ஒருநாள் நான் உங்களுக்குப் போன் எடுப்பன், அன்ரி. எப்பிடி இருக்கிறியள் எண்டு கேப்பன்."

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. புருசன் போய் ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று யாராவது போன் எடுத்துக் கேட்டு எத்தனை மாதம் என்று எனக்கே நினைவில்லை. காய்ச்சலோடு பேனையைப் பிடித்து சம்மதப் பத்திரத்தின் எட்டுப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

சீன வைத்தியரின் கடை அதே பிளாசாவில் இரண்டு கதவு தள்ளி இருந்தது. என் வயதுதான் இருக்கும் அவருக்கும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கையிலும் நாடி பிடித்தார். அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒரே வகுப்பில் படித்தவை என்றபடியால் நன்றாக விளங்கியது. பிறகு சின்னச் சின்ன லாச்சிகளை இழுத்து வேர், பட்டை, காய்ந்த பூ, தோடம்பழத்தோல் என்று தராசில் நிறுத்து ஏழு பொதி கட்டித் தந்தார். நாளுக்கு ஒரு பொதி. மூன்று கோப்பை தண்ணீரை ஒன்றாக வற்றவைக்கச் சொல்லி விரலால் காட்டினார்.

வீட்டுக்கு வந்து நான் செய்தது வேறு. எங்களுக்குக் குடிநீர் என்றால் எட்டுக்கு ஒன்று. கை தன்பாட்டில் எட்டுக் கோப்பை தண்ணீரை ஊற்றிவிட்டது. அதோடு, கொத்தமல்லி போடாத குடிநீர் என்ன குடிநீர் என்று ஒரு பிடி மல்லியும் சுக்கு என்கிற வேர்க்கொம்பில் ஒரு துண்டும் தட்டிப் போட்டேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கொதித்தது. கறுப்பாக, தார் போல, ஒரு கோப்பை மிஞ்சியது. மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். வயிற்றுக்குள் போனபிறகும் கசந்தது.

மேல்வீட்டில் இருப்பவர்கள் சென்னைப் பக்கத்து ஆட்கள். கொம்பியூட்டர் வேலை, இரண்டு கார், நல்ல மனிதர்கள், குறை சொல்லக்கூடாது. நான் படுத்திருந்த எட்டு நாளில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "ஆன்ட்டி, ஏதோ ஸ்மெல் மேல வரைக்கும் வருது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கங்க ப்ளீஸ்." எட்டு நாளில் எனக்கு வந்த மெசேஜ் அது ஒன்றுதான். விசிறியைப் போட்டேன். பிறகு அந்த மெசேஜைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தேன், ஏதோ காதல் கடிதம் வந்ததுபோல. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். காய்ச்சல் எவ்வளவு, இருமல் எத்தனை, மருந்துக்கும் பஸ்ஸுக்கும் என்ன செலவு, மருந்து காய்ச்ச எவ்வளவு நேரம், வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் கீழே கடைசிக் கட்டம்: இன்று உங்களைப் பராமரித்தவர் யார், எத்தனை மணித்தியாலம்?

முதல் நாள் சைபர் போட்டேன். இரண்டாம் நாளும் சைபர். தாளில் எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. சின்ன வட்டம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் போன் வந்தது. கொப்பியில் எழுதியதை நான் வாசிக்க வாசிக்க அந்தப் பிள்ளை அங்கே கொம்பியூட்டரில் தட்டினாள். மல்லியும் வேர்க்கொம்பும் போட்டதைச் சொன்னேன். கொஞ்சமும் மறைக்கவில்லை.

"ஐயோ அன்ரி!" என்று சிரித்தாள். "பரவாயில்லை, நான் அதை நோட் பண்ணுறன். நாளைக்கு மூண்டு கப் தண்ணியிலயே செய்யுங்கோ, மல்லி வேண்டாம், ஓகே? சரி, கெயர்கிவர்? ஆர் உங்களைப் பாக்கினம்?"

வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று கேட்டிருந்தால் "நோபடி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. ஆனால் தமிழில், ஊர்ப்பேச்சில், எங்கள் பெட்டை ஒருத்தி "ஆர் பாக்கினம்" என்று கேட்கும்போது "ஒருத்தரும் இல்லை" என்று எப்படிச் சொல்வது? நோய் வருத்தத்தில் கிடக்கும்போது எட்டிப் பார்க்க ஆளில்லை என்றால் எங்கள் சனத்திடம் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவள் அப்படி நடந்திருக்கிறாள், அதுதான் ஒருவரும் இல்லை. நாலு பேர் வாயில் விழுகிற கதை அது. இந்தப் பிள்ளை தாயிடம் போய்ச் சொன்னால்? தாய் கோயிலில் வைத்து யாரிடமாவது சொன்னால்?

"என்ர தங்கச்சி வாறவள்," என்றேன். "அஜக்ஸிலயிருந்து ரெயினில வாறவள்."

"ஓ, தட்ஸ் நைஸ். எத்தினை மணித்தியாலம் நிப்பா?"

"ஒரு மூண்டு."

போனை வைத்ததும் முந்திய இரண்டு சைபரையும் மூன்றாக மாற்றினேன். வட்டத்தை மூன்றாக்குவது லேசு இல்லை. கொஞ்சம் ஊத்தையாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கே அது பிடித்துப்போனது. தங்கச்சி இன்று என்ன செய்திருப்பாள் என்று பகலில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். கஞ்சி வைத்திருப்பாள். தலையணை உறை மாற்றியிருப்பாள். "உதென்ன அக்கா, சீலையெல்லாம் வியர்வை, எழும்புங்கோ" என்று அதட்டியிருப்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அதட்டத்தான் தெரியும். ஐந்தாம் நாள் போனில், அவள் எனக்குக் கால் பிடித்துவிட்டாள் என்றுகூடச் சொன்னேன். அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன். காய்ச்சல் அன்றைக்குத்தான் விட்டது. சீன மருந்தால் விட்டதா, குளிசையால் விட்டதா, நான் முதல் நாட்களில் போட்ட மல்லியால் விட்டதா என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டதும், நான் சொன்னதெல்லாம் நடக்கவில்லை என்பது ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். தலையணை உறை அதே உறைதான். அழுதேன்.

உண்மையில் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்.

கொரோனாக் காலத்தில் அவளுக்கு அந்த வருத்தம் வந்தது. அவளுடைய புருசன் தூரப்பயண லொறி ஓட்டுகிறவர். அந்த நேரம் அமெரிக்காவுக்குள் எங்கேயோ போயிருந்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் ஒரு அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்து எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, உள்ளுக்கு வரவேண்டாம். கொஞ்சம் சோறும் பருப்பும் காய்ச்சி வாசல்ல வைச்சிட்டுப் போங்கோ, காணும்."

அந்த நாட்களில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். தெரியாத ஆட்களுக்குக்கூடச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். நான் அவளிடம், லீவு எடுக்க ஏலாது, அஜக்ஸுக்கு ரெயின் ஓடுதோ தெரியாது என்றேன். ரெயின் ஓடியது. லீவை நான் கேட்கவே இல்லை. எனக்குப் பயம். புருசன் செத்த ஆஸ்பத்திரி வாசனை மூக்கை விட்டுப் போகாத பயம். அதைச் சொல்லியிருந்தால் அவள் விளங்கிக்கொண்டிருப்பாள். சொல்லவில்லை. "சரி அக்கா," என்று வைத்துவிட்டாள். அவளுக்குச் சுகம் வந்தபிறகு நான் எடுத்த போன்களை அவள் எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். நாலாம் தரம் எடுக்க என் கௌரவம் விடவில்லை. அவளுக்குத் தலைக்கனம் என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒன்பதாம் நாள் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பேர்ஃபெக்ட் அன்ரி. இனி ஒரு சின்ன ஸ்டெப்தான். நாங்கள் உங்கட கெயர்கிவரோடயும் பத்து நிமிசம் கதைக்கோணும். முதல் நாள் அவசரத்துக்குக் கொன்டாக்ட் எண்டு ஒரு நம்பர் தந்தனீங்கள்தானே, அது தங்கச்சியின்ர நம்பர்தானே?"

அவளுடைய நம்பர்தான். எந்தப் பாரம் நிரப்பினாலும் அந்தக் கட்டத்துக்கு எழுத எனக்கு வேறு நம்பர் கிடையாது.

"அவளோட ஏன் கதைக்கோணும்?" என்று கேட்டேன்.

"அவவின்ர நேரத்துக்கும் நாங்கள் ஒரு விலை போடுறம் அன்ரி. மருந்து மலிவா இருக்கலாம். ஆனா ஒரு ஆள் வேலையை விட்டிட்டு வந்து உங்களைப் பாத்தா அதுவும் செலவுதானே? எல்லாத்தையும் கூட்டித்தான் ஒரு வருத்தத்துக்கு என்ன செலவு எண்டு சொல்லலாம்."

பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படியென்றால் பார்க்க ஆளில்லாதவளின் வருத்தம்தான் ஆக மலிவான வருத்தம். கஞ்சி வைக்க ஆள் வந்தால் செலவு. கால் பிடித்துவிட்டால் செலவு. நான் தனியே கிடந்து இருமினால் ஒரு சதமும் இல்லை, கணக்குக்கு மிகவும் நல்லது. எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையில் இல்லை, அவள் தன் வேலையைத்தான் செய்கிறாள்.

வியாழக்கிழமை தங்கச்சிக்குப் போன் எடுப்பதாக அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அதற்கு முதல் நான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஒரு அந்நியப் பெட்டையிடமிருந்து, தான் ஒருநாளும் வராத வீட்டில் எட்டு நாள் வந்து கால் பிடித்துவிட்ட கதையைக் கேட்பாள். அவளுக்கு என்மேல் மிச்சம் இருக்கும் ஏதோ ஒன்றும் அதோடு போய்விடும். புதன்கிழமை பின்னேரம் எடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்ன அக்கா? ஆரும் செத்துப் போச்சினமே?"

"இல்லை. சும்மாதான் எடுத்தனான்."

"சும்மாவோ?"

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். பிள்ளைகள் ஏதோ இங்கிலிசில் சண்டை. அஜக்ஸில் சினோ கொட்டுவது கூடவோ என்று கேட்டேன். கூடத்தான் என்றாள். பிள்ளைகள் சுகமோ என்று கேட்டேன். சுகம் என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "சரி, வைக்கிறன்," என்றேன். அவள் வைத்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எடுத்தாள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

"அன்ரி, ஒரு சின்னப் பிரச்சினை. உங்கட கணக்கும் தங்கச்சியின்ர கணக்கும் பொருந்தேல்லை."

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"நீங்கள் மூண்டு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறியள். அவ ஆறு எண்டு சொல்லுறா. எட்டு நாளும் தான் வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தவவாம். அந்தச் சம்பளத்தையும் போட்டா, அன்ரி, உங்கட கேஸ்தான் எங்கட லிஸ்டில ஆகக் கூடின செலவு!" சிரித்தாள். பிறகு, "இன்னொண்டு சொன்னா. எனக்கு விளங்கேல்லை, ஆனா ரெண்டு தரம் சொல்லி, எழுதுங்கோ எண்டவ. சாப்பாட்டை வாசல்ல வைச்சிட்டுப் போகேல்லையாம். உள்ளுக்குப் போய் இருந்து வாயில தீத்தினவவாம்."

நான் கட்டிலில் இருந்தேன். அந்தப் பிள்ளை "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்ட கணத்தில் விசயத்தைப் பிடித்து, நான் சொன்ன பொய்க்கு மேலே தன்னுடையதையும் வைத்து என்னை மூடிவிட்டாள். அதே நேரம், பத்து விரலும் பதியும்படி ஒரு அறையும் தந்துவிட்டாள். இரண்டும் ஒரே வாயால்.

"பிள்ளை, அதை வெட்டு," என்றேன்.

"எதை அன்ரி?"

"மூண்டையும் வெட்டு, ஆறையும் வெட்டு. சைபர் போடு. ஒருத்தரும் வரேல்லை. எட்டு நாளும் நான் தனியத்தான் கிடந்தனான். அவளுக்கு நான் வருத்தம் எண்டே தெரியாது. பொய் சொன்னது நான்."

அவள், தான் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், திருத்தத்துக்கு நான் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. வைப்பதற்கு முதல், "அன்ரி, நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் ஏதும் சமைச்சுக் கொண்டந்திருப்பன்," என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைத்தேன். அதோடு அவளுடைய போன்களும் நின்றன.

கையெழுத்து வைத்துவிட்டு வந்த அன்றைக்கே தங்கச்சிக்கு எடுத்தேன். இந்த முறை சினோவைப் பற்றிக் கேட்கவில்லை.

"நான் சைபர் எண்டு மாத்திப்போட்டன்," என்றேன்.

"ஏன் மாத்தினனீங்கள்? நான் வடிவாத்தானே சொன்னனான்."

"நீ வரேல்லைத்தானே. உனக்கு நான் சொல்லவும் இல்லை. அண்டைக்கு நீ கேட்டு நானும் வரேல்லை. ரெயின் ஓடினது, எனக்குத் தெரியும். நான் பயந்துபோய் வராமல் விட்டனான்."

வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கெண்டாலும் சைபர் போட ஒரு கொப்பி தந்தாங்கள்," என்றாள். "எனக்கு அதுவும் ஒருத்தரும் தரேல்லை அக்கா."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்தச் சொல் போதாது என்று தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்த கேள்விகள் எட்டு நாளாக வாசித்துப் பழகிய கேள்விகள் மட்டும்தான். அதையே கேட்டேன்.

"எத்தினை நாள் காய்ச்சல் இருந்தது உனக்கு?"

"பதினொரு நாள்."

"இருமல்?"

"ஒரு மாதத்துக்கு மேல."

"ஆர் சமைச்சது?"

"மூத்தவள். நான் அறைக்கதவுக்குப் பின்னால நிண்டு சொல்லச் சொல்ல, அவள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி நிண்டு சோறு காய்ச்சினவள். கஞ்சி வடிக்கேக்க கையில ஊத்திப்போட்டாள். நான் கதவைத் திறக்கேல்லை."

பெரியம்மாவான நான் இதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப அவளுக்கு எத்தினை வயது?"

"ஏழு," என்றாள் தங்கச்சி. பிறகு, "கேளுங்கோ, அடுத்தது என்ன?" என்றாள்.